யார் யாருக்குப் பையைக் கொடுத்தது

ஹல் மீன்பிடித் துறைமுகத்தில், ஹெஸ்ஸல் ரோட்டுக் கிளைத் தெருக்களில் தொப்பி வைத்த ஆண் ஒருவர் பட்டப்பகலில் கதவைத் தட்டினால், அவர் மூன்று பேரில் ஒருவராகத்தான் இருப்பார். வாடகை வாங்க வந்தவர், ஏழை நிவாரணம் கொடுக்கும் பாரிஷ் நிர்வாகத்திலிருந்து வேவு பார்க்க வந்த பாரிஷ்காரர், இல்லையென்றால் கப்பலிலிருந்து சாவுச் செய்தி கொண்டுவந்தவர். 1896 மார்ச்சில் வந்த மனிதர் இந்த மூன்றிலும் சேரவில்லை. அதனால்தான் தெரு மிரண்டுபோனது.

ஆள் நெட்டை. காது வரைக்கும் மப்ளர். கையில் தடித்த காகிதத் துண்டுகள் ஒரு கட்டு, நூலில் கட்டிய பென்சில். வாசலில் நின்று தொப்பியை எடுத்துவிட்டு தட்டிய வீட்டிலெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, ஒரு ஆளு பொண்டாட்டி புள்ளைங்கள விட்டுட்டுப் போயிட்டான்னு வைங்க. அதுக்கு இந்தத் தெருவுல என்ன வார்த்தை சொல்லுவீங்க?"

ஒன்பதாம் நம்பர் ஹன்னா பாக்லி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "போலீஸுக்குச் சொல்லுவோம்னு சொல்லுவோம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானத்துக்குள் அவரைப் பற்றித் தெருவில் நாலைந்து கதைகள் உருவாகியிருந்தன. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடினார்கள்.

"பாரிஷ்காரன் அனுப்புன ஆளுதான், வேற யாரு?"

"மூஞ்சியப் பாத்தா பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கே."

"பின்ன, ஒற்றன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்?"

"என்கிட்ட கேட்டான். என் புருஷன் உள்ளதான் தூங்குறான், எழுப்பட்டுமான்னேன். வேணாம் வேணாம்னுட்டு ஓடிட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். பதினொன்றாம் நம்பர் கெசியா ஸ்டாதர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தெருவில் புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று பாரிஷ் புத்தகத்தில் பெயர் ஏறியிருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

அவளுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அப்பா கடலோடு போனபோது ஆறு வயது. ஒன்பது வயதில் அம்மாவின் பக்கத்தில் நின்று வலை பின்னக் கற்றுக்கொண்டாள். இருபதில் ஆமோஸ் ஸ்டாதர்ஸைக் கட்டிக்கொண்டாள். இழுவலைக் கப்பலில் 'மூன்றாம் கை', அதாவது மூன்றாம் நிலை மாலுமி அவன். ஐந்தாறு வாரம் கடல், மூன்று நாள் கரை. அந்த மூன்று நாளும் ராஜா மாதிரி இருப்பான். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய், மதுக்கடையில் முகம் தெரியாதவனுக்கும் பீர். கடைசி நாள் காலையில் மட்டும் முகம் மாறிவிடும். கடலை நினைத்துப் பயப்படுகிறான் என்று கெசியாவுக்குத் தெரியும். சொன்னதில்லை. மீனவர் வீட்டில் அதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். புறப்படும் நாளில் துணி துவைக்கக்கூடாது, வழியனுப்பத் துறைக்குப் போகக்கூடாது, 'போய்ட்டு வா' என்றுகூடச் சொல்லக்கூடாது.

1893 அக்டோபரில் அப்படி ஒரு கடைசி நாள் காலை. இரும்புச்சட்டியைத் தட்டிக் கொட்டிவிட்டாள் என்பதற்காக ஆமோஸ் மூத்தவளை, எட்டு வயது லவினியாவை அறைந்தான். அவன் பெண்டாட்டியை அடித்ததுண்டு. பிள்ளை மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. பிள்ளையின் காதிலிருந்து ரத்தம் வந்தது. கெசியா ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய கித்தான் பையில் துணி, பூட்ஸ், புகையிலை எல்லாவற்றையும் திணித்தாள். பையை வாசல்படியில் கொண்டுபோய் வைத்தாள். அவன் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போயிருந்தான். கொல்லைக் கதவும் சாத்தியிருக்கவே சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தபோது பை வெளியே, கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவன் ஒருமுறைதான் தட்டினான். பிறகு ஆணி பூட்ஸ் சத்தம் தெருக்கோடி வரை போய் அடங்கியது.

ஒரு நடை கடலுக்குப் போய்விட்டு வரட்டும், புத்தி வரட்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான். ஆறு வாரத்தில் கப்பல் துறைக்குத் திரும்பியது. ஆமோஸ் தன் பங்கை வாங்கிக்கொண்டு நேராக ரயிலடிக்குப் போய்விட்டான் என்று கப்பல் சமையல்காரன் வந்து சொன்னான்.

அதற்கப்புறம் பாரிஷ். நிவாரண அதிகாரி ஆக்ஸ்டோபி மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். கத்துகிறவராக இருந்திருந்தால் கெசியா இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். "புருஷன் எங்க இருக்கான்னு நெசமாவே தெரியாது?" என்று முதல் நாள் கேட்டார். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு, அவன் அங்க சம்பாதிக்க, நீ இங்க வாங்க... அப்படி எத்தனை குடும்பத்தை நான் பாத்திருக்கேன் தெரியுமா?" புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்டாட்டிக்கு ஒரு வருடம் முடியும்வரை வீட்டிலிருந்தபடி உதவி வாங்க முடியாது, வேண்டுமானால் பிள்ளைகளோடு ஏழை விடுதிக்குள் போகலாம். கெசியா போகவில்லை. அந்த ஒரு வருடம் மணிலாக் கயிறு பின்னிப் பின்னி அவள் விரலிடுக்குகள் வெடித்துச் சீழ் வைத்தன. வருடம் முடிந்து உதவி வந்தது. வாரத்துக்குச் சில ஷில்லிங், நாலு ரொட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிவாரணக் குழுவின் முன்னால் நின்று, புருஷன் தானாகப் போனான், இருக்குமிடம் தெரியாது என்று சொல்ல வேண்டும். சொன்னாள். பையைப் பற்றிச் சொல்லவில்லை. புருஷனைத் துரத்தியவளுக்கு உதவி கிடையாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

அந்தப் பையைப் பற்றித் தெரிந்திருக்கக்கூடிய வெளி ஆள் ஒருத்தி உண்டு. பக்கத்து வீட்டு ஹன்னா பாக்லி. அந்தத் தெருவின் சுவர்கள் அப்படி. இந்த வீட்டில் கரண்டி விழுந்தால் அந்த வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். ஹன்னா இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. கேட்காததே கெசியாவுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. அவ்வப்போது கூடுதலாகக் கிடைத்த கருவாடு, பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சட்டை என்று ஏதாவது ஒன்றை அந்த வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

இந்த நிலையில்தான் இரண்டு நாள் கழித்து மழையில் அந்த நெட்டை மனிதர் பதினொன்றாம் நம்பர் கதவைத் தட்டினார்.

வெளியே நிற்கவைத்துப் பேசினால் தெரு பார்க்கும். திருப்பி அனுப்பினால், எதையோ மறைக்கிறாள் என்று எழுதிக்கொள்வார். கெசியா உள்ளே கூப்பிட்டாள். ஆனால் கதவை முழுக்கச் சாத்தவில்லை. சுவரில் அறைந்த கம்பில் பாதி பின்னிய வலை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டை ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னத் தொடங்கினாள்.

"கேளுங்க சார். கை ஓஞ்சா எனக்குக் கூலி இல்ல."

"என் பேரு தர்க்கெல். பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தேன், இப்ப ஓய்வு. ஜனங்க பேசுற வார்த்தைகளைச் சேர்க்கிற ஒரு சங்கம் இருக்கு. அவங்களுக்காக..."

"வார்த்தைய சேத்து என்ன பண்ணுவாங்க?"

"புத்தகம் போடுவாங்க."

"எங்க வார்த்தைய எங்களுக்கே விப்பாங்களா?"

தர்க்கெல் சிரித்தார். பொய்ச் சிரிப்பு மாதிரி இல்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

"ஏன் சார், உலகத்துல எவ்வளவோ வார்த்தை இருக்கு. மீனுக்கு இருக்கு, காத்துக்கு இருக்கு. விட்டுட்டுப் போறதுக்குத்தான் வேணுமா?"

"ஒவ்வொரு மாசமும் ஒரு தலைப்பு அனுப்புவாங்க. போன மாசம் கஞ்சி. இந்த மாசம் இது" என்றார். பையிலிருந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். கெசியா அச்செழுத்தை மெல்லப் படிப்பாள். கஞ்சி என்று போட்டுத்தான் இருந்தது. ஆனால் ஒரு தாளை அச்சடிப்பது பெரிய காரியமா?

பட்டும் படாமலும் சொல்லத் தொடங்கினாள். தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததை மட்டும் சொல்வது என்று தீர்மானம். சுமைக்காரன் கம்பி நீட்டினால் 'கொக்கியைத் தூக்கிக்கிட்டான்' என்பார்கள். மாலுமி கப்பலை அம்போ என்று விட்டு ஓடினால் 'தடியை வெட்டிக்கிட்டான்'. ஒரு பெண் தன்னைச் சுற்றிவந்தவனைக் கழற்றிவிட்டால் 'கையுறையைக் கொடுத்துட்டா'. வாடகை கொடுக்காமல் சட்டி பானையோடு காணாமல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண நாளன்று மாதா கோவிலுக்கு வராதவனுக்கு ஒரு வார்த்தை. கூட்டாளியைச் சண்டையில் மாட்டிவிட்டு ஓடுகிறவனுக்கு ஒரு வார்த்தை. தர்க்கெல் ஒவ்வொன்றையும் ஒரு துண்டில் எழுதினார். எழுதும்போது நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டார், பள்ளிப் பிள்ளை மாதிரி. நடுநடுவே தானும் சொன்னார்: லிங்கன் பக்கத்தில் இப்படிச் சொல்கிறார்கள், சுரங்கக்காரர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஒன்றுக்குக் கெசியா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இரண்டரை வருடத்தில் அந்த விஷயத்தைப் பற்றி யாரும் அவளிடம் இப்படி, வேவு பார்க்காமல், வெறும் பேச்சாகப் பேசியதில்லை.

"எல்லாமே ஆம்பளை போறதுக்குத்தான் இருக்கு" என்றார் தர்க்கெல், துண்டுகளைப் புரட்டியபடி. "பொண்டாட்டி புருஷனை அனுப்பிட்டா, அதுக்கு வார்த்தையே கிடையாதா?"

"ஏன் இல்லாம? பையக் கொடுத்துட்டாளுன்னு சொல்லுவோம்."

"அப்படியா! ஒரு வாக்கியமா சொல்லுங்களேன், எப்படிச் சொல்லுவீங்க?"

கை பின்னிக்கொண்டிருந்தது. வாய் தானாகச் சொன்னது. "பாத்தேன், பாத்தேன், பொறுக்க முடியல, கடைசில அவனுக்குப் பையக் கொடுத்துட்டேன்."

பென்சில் ஓடியது. "அருமை" என்றார் தர்க்கெல். முகம் பளபளத்தது. துண்டின் அடியில் எதையோ எழுதிவிட்டு அவள் பக்கம் திருப்பினார். "ஸ்டாதர்ஸ், இப்படித்தானே எழுதணும்?"

அவளுடைய பெயர். தெரு. தேதி. 'வலை பின்னுபவர்.' அதற்கு மேலே, அவள் வாயால் சொன்ன அந்த வாக்கியம்.

"என் பேரு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அன்னிக்கு வாசல்ல விளையாடிக்கிட்டிருந்த பொண்ணு."

"சரிதான் சார்" என்றாள் கெசியா. அவர் போன பிறகு பார்த்தால் கடைசி வரிசையில் ஏழு கண்ணிகள் தப்பாக விழுந்திருந்தன. பிரித்துப் பின்ன வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஹன்னா பாக்லி நேராகக் கெசியா வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, அந்த வார்த்தைக்காரன உள்ள விட்டியாமே?"

"மழை அக்கா. வாசல்ல நின்னான்."

"இன்னிக்கு எங்க சபையில இருந்தான். யாரு பக்கத்துல தெரியுமா? ஆக்ஸ்டோபி. ஒரே பாட்டுப் புத்தகத்த ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டுப் பாடுறானுங்க. முடிஞ்சதும் ரெண்டு பேருக்கும் டீ. ஆக்ஸ்டோபி தலைய ஆட்டி ஆட்டிக் கேக்குறான்."

கெசியா அடுப்பைக் கிளறினாள். கிளற வேண்டிய அவசியமே இல்லை.

"என்னடி சொல்லித் தொலைச்ச?"

"ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள். ஹன்னாவின் முகத்தைப் பார்த்தாள். இவள் எச்சரிக்க வந்தாளா, தோண்ட வந்தாளா?

வியாழக்கிழமை, பின்னிய வலைகளை வலைக்கூடத்தில் ஒப்படைத்துவிட்டு, கெசியா விசாரித்துக்கொண்டு கோல்ட்மன் தெருவுக்குப் போனாள். தர்க்கெல் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா அவளுடைய தார்க்கறைப் பாவாடையைப் பார்த்து, சமையல்கட்டு வழியாக வரச் சொன்னாள். மாடிப்படி ஏறும்வரை பின்னாலேயே வந்தாள். அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். சட்டைக் காலர் வாங்கும் பெட்டிகள், பூட்ஸ் பெட்டிகள். எல்லாவற்றிலும் துண்டுகள்.

"என் துண்ட குடுங்க சார்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி, அதை உருவிக் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமாகக் கொடுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நகல் இருக்கா?"

"ஒண்ணு சங்கத்துக்குப் போயிருச்சு. அதுல பேரு இல்ல. 'ஹல், மீனவர் தெரு' அவ்வளவுதான்."

"வேற யாருகிட்டயாவது வாயால சொன்னீங்களா?"

தர்க்கெல் பெட்டியை மூடினார். பிறகு திறந்தார். "ஆக்ஸ்டோபிகிட்ட... பேரெல்லாம் சொல்லலைம்மா. ரொம்பப் பழைய சொல் ஒண்ணு கிடைச்சுதுன்னு சந்தோஷத்துல சொன்னேன். வலை பின்ற ஒரு அம்மா சொன்னாங்கன்னேன்."

"வலை பின்றவ. உங்களுக்குக் கதவத் தொறந்தவ. புருஷனுக்குப் பையக் கொடுத்தேன்னு சொன்னவ. அந்தத் தெருவுல அப்படி எத்தன பேரு சார் இருப்பாங்க?"

அவர் பெட்டியை மறுபடி மூடிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு இப்போதுதான் புரிகிறது என்று கெசியா பார்த்தாள். அல்லது புரிவது போல நடிக்கிறார்.

"என் புள்ளைங்க ரொட்டி சார் அது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்து துண்டை அடுப்பில் போட்டாள். அது தடித்த காகிதம். எரிய நேரமெடுத்தது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அழைப்பு வந்தது. அவளுடைய ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

நிவாரணக் குழு அறையில் நீள மேசைக்குப் பின்னால் ஒன்பது பேர். தலைவர் ஒரு மீன் வியாபாரி, நல்ல சாப்பாட்டு முகம். ஆக்ஸ்டோபி எழுந்து, அந்த மெல்லிய குரலில், விண்ணப்பதாரர் தன் புருஷனுக்குப் 'பையைக் கொடுத்ததாக' ஒரு மரியாதைக்குரிய மனிதரிடம் தன் வாயாலேயே சொல்லியிருப்பதாகத் தகவல் என்றார்.

"என்னம்மா, சொன்னியா?" என்றார் தலைவர்.

கெசியா வாயைத் திறப்பதற்குள் பின்னால் நாற்காலி நகர்ந்தது. தர்க்கெல். அவர் அங்கே இருந்தது அவளுக்குத் தெரியாது. ஆக்ஸ்டோபி சாட்சிக்கு அழைத்து வந்திருக்கிறார் என்று நினைத்தாள். ஆனால் ஆக்ஸ்டோபியும் திரும்பிப் பார்த்து விழித்தார்.

"ஐயா, அந்த மனுஷன் நான்தான். அந்த வார்த்தையைப் பத்தி ஒரு விளக்கம் சொல்ல அனுமதிக்கணும்" என்றார் தர்க்கெல். கையில் இரண்டு தடித்த புத்தகங்கள். முந்நூறு வருடத்துக்கு முன்னால் எஜமானிடம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன வேலையாளைத்தான் 'எஜமானுக்குப் பையைக் கொடுத்தான்' என்பார்களாம். போனவன்தான் கொடுப்பான், இருந்தவர் கையில் வெறும் பை மிஞ்சும். பிற்காலத்தில் அது தலைகீழாகி, வேலையை விட்டுத் துரத்தும் எஜமான்தான் வேலையாளுக்குப் பையைக் கொடுப்பதாக ஆயிற்று. ஆதாரம் இந்தப் பக்கத்தில், இந்தப் பக்கத்தில், பிறகு இந்தப் பக்கத்தில்.

குழுவில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"சுருக்கமா சொல்லுங்க வாத்தியாரே. போறவன் குடுக்குறதா, வீட்டுல இருக்கிறவ குடுக்குறதா?"

"ரெண்டும் உண்டு ஐயா. அந்த வார்த்தைய வச்சு யார் யாரை விட்டாங்கன்னு தீர்ப்புச் சொல்ல முடியாது."

ஆக்ஸ்டோபி விடவில்லை. "இந்தம்மா எந்த அர்த்தத்துல சொன்னாங்க? அதச் சொல்லுங்க."

"நான் இவங்க குடும்பக் கதையைக் கேக்கல. இந்தத் தெருவுல எப்படிச் சொல்லுவாங்கன்னு ஒரு வாக்கியம் கேட்டேன். உதாரணத்துக்கு ஒண்ணு சொன்னாங்க. போன மாசம் கஞ்சி தீஞ்சு போறதுக்கு ஒரு அம்மா வாக்கியம் சொன்னாங்க. அவங்க வீட்டுக் கஞ்சி தீஞ்சுதான்னு நான் விசாரிக்கல."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். ஆக்ஸ்டோபி உட்கார்ந்தார். தலைவர் கெசியாவைப் பார்த்தார். "அதெல்லாம் கெடக்கட்டும். உன் புருஷன் தானாப் போனானா, இல்லையா?"

"கப்பல் ஆறு வாரத்துல திரும்புச்சுங்கய்யா. அவரு திரும்பல."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. உதவி தொடரட்டும் என்றார் தலைவர். கூடவே, ஆளைத் தேடிப் பத்திரிகையில் அடையாளம் போடுங்கள் என்றும் சொன்னார்.

வெளியே படிக்கட்டில் தர்க்கெல் அவளுக்காக நின்றார்.

"எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டே அப்படிச் சொன்னீங்களா சார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. யூகம் உண்டு. யூகத்த யாரும் கேக்கல."

"பதிலுக்கு என்ன வேணும் உங்களுக்கு?"

அவர் அடிபட்டவர் போலப் பார்த்தார். "ஒண்ணும் வேணாம். நான் பண்ணின தப்பு அது." தொப்பியைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்துபோனார். கெசியா அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார், ஆக்ஸ்டோபிக்காக நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் நிற்கவில்லை. அடுத்த மாதம் தேன், கூடு, தேனீ பற்றிய சொற்களைத் தேடிக் கிராமங்களுக்குப் போய்விட்டார் என்று வீட்டுக்காரம்மா யாரிடமோ சொன்னாளாம்.

சாயங்காலம் ஹன்னா பாக்லி சுவருக்கு அந்தப்புறமிருந்தே குரல் கொடுத்தாள். "உதவி நிக்கலைல்ல?"

"நிக்கலக்கா."

"போன வாரம் ஆக்ஸ்டோபி இங்க வந்தான். ஆமோஸ் போன அன்னிக்குக் காலைல என்ன கேட்டுச்சுன்னு கேட்டான். எனக்குச் சின்ன வயசுலேருந்தே காது மந்தம்னுட்டேன்."

சுவரைத் தாண்டி இவ்வளவு தெளிவாகப் பேசுகிற காது மந்தக்காரி. கெசியா சுவரில் கையை வைத்தபடி நின்றாள். இரண்டரை வருடமாகக் கொடுத்த கருவாடெல்லாம் நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

பத்திரிகையில் போட்ட அடையாளம் வேலை செய்தது. நவம்பரில் ஆமோஸ் ஃப்ளீட்வுட் துறையில் அகப்பட்டான். வேறு பெயரில் மேற்குக் கடல் கப்பலில் வேலை, துறைக்குப் பக்கத்தில் ஒரு விதவை வீட்டில் குடித்தனம். நீதிபதி அவன் சம்பளத்தில் ஒரு பகுதி வாராவாரம் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று தீர்த்தார். மறு ஞாயிறு மத்தியானம் அவன் பதினொன்றாம் நம்பர் வாசலில் நின்றான்.

கெசியா கதவைப் பாதிதான் திறந்தாள். "ஆக்ஸ்டோபி அனுப்பினானா?"

"யாரும் அனுப்பல. புள்ளைங்களப் பாக்கணும்."

"ரெண்டும் ஞாயித்துப் பள்ளிக்கூடத்துல."

அவன் உள்ளே வந்து, முன்பு உட்காரும் இடத்தில் உட்காராமல், கதவோரம் உட்கார்ந்தான். முடி நரைத்திருந்தது. டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் கண் எங்கெல்லாம் போகிறது என்று கவனித்தாள். எதையாவது பார்த்துப்போய் எவரிடமாவது சொல்ல வந்திருக்கலாம்.

"கோர்ட்ல நான் அந்தப் பையப் பத்திச் சொல்லல" என்றான்.

"ஏன்?"

"சொன்னா உனக்கு ரொட்டி போயிருக்கும்னாங்க."

"அவ்வளவு யோசனையா உனக்கு?"

ஆமோஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல கெசியா. ஒரு நடை போயிட்டு வான்னாவது. தட்டினேன். நீ ஒண்ணும் சொல்லல. இனிமே கெடையாதுன்னு நெனச்சேன்."

"ஒருக்கா தட்டுன. ரெண்டாவது தடவ தட்டியிருந்தா?"

"தொறந்திருப்பியா?"

அவள் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். "தெரியாது. லவினியாவுக்கு அந்தக் காது இன்னும் சரியாக் கேக்கல."

டீயைக் குடித்து முடித்தான். பிள்ளைகள் வரும்வரை இருக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அவன் எழுந்து போனான். திரும்பி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் தெருமுனை தாண்டும்வரை ஜன்னலோரம் நின்று, பிறகு இன்னும் கொஞ்ச நேரமும் நின்றாள்.

அவன் பணம் ஒழுங்காக வந்தது. அடுத்த ஆண்டு கெசியா பாரிஷ் உதவியைத் தானே விட்டுவிட்டாள். ஆக்ஸ்டோபி அதையும் சந்தேகமாகப் பார்த்து, வேறு வருமானம் உண்டா என்று மூன்று தடவை கேட்டார். பிறகு வலைக்கூடத்தில் முப்பது பெண்களுக்கு மேற்பார்வையாள் ஆனாள். கண் தப்பிய கண்ணியைப் பத்தடி தள்ளியிருந்தே பிடித்துவிடுவாள் என்று பெயர். ஆமோஸ் 1908இல் ஃப்ளீட்வுட்டில் காய்ச்சலில் செத்துப்போனான். இவள் போகவில்லை.

அவள் இறந்தது 1927இல். அடக்கம் முடிந்து வந்து இரண்டு பெண்களும் ரொட்டியும் ஹாமும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது லவினியா சொன்னாள்: "அப்பா நம்மள நட்டாத்துல விட்டுட்டுப் போனாருன்னு அம்மா சாகுற வரைக்கும் சொன்னாங்க."

தங்கை மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். "என்கிட்ட அப்படிச் சொல்லலையே. நான்தான் அவர வெளிய அனுப்பினேன், உங்க அக்காவுக்காக, அவகிட்ட சொல்லிராதன்னு சொன்னாங்க."

"உனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

"உனக்குத்தான் சரியாக் காது கேக்கல" என்றாள் மெர்சி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, அக்காவின் தட்டில் இன்னொரு துண்டு ஹாமை எடுத்து வைத்தாள்.